கொடைக்கானலில் என்ன வாங்குவது? மூன்று நாள், முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டு பிள்ளைகள்

திருச்சி வடிவு – ஏப்ரல் 8, இரவு 9.40

இந்த மாதக் கடைசியில் கொடைக்கானல் போகிறோம். நான், கணவர், 11 வயதில் மகள், 7 வயதில் மகன், கூடவே அம்மா. அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் நன்றாக நடப்பார். படியைக் கண்டால் முழங்கால் முரண்டு பிடிக்கும். திருச்சியிலிருந்து சொந்தக் கார். மூன்று பகல், இரண்டு இரவு.

போன முறை போனது கல்யாணமான புதிதில். அப்போது வாங்கி வந்தவை ஒரு கிலோ ‘ஹோம்மேட்’ சாக்லேட், ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம், ஏலக்காய், இரண்டு ஸ்வெட்டர். சாக்லேட் வீட்டுக்கு வந்து வாயில் போட்டால் மெழுகுவர்த்தி தின்பது போலிருந்தது. ஸ்வெட்டர்களோ திருச்சி வெயிலில் போட வழியில்லாமல் இன்றும் பீரோவில் அந்துருண்டையோடு குடியிருக்கின்றன.

இந்த முறை ஏமாறக் கூடாது என்றிருக்கிறேன். மலையிலேயே விளைந்தது, மலையிலேயே செய்தது எது? எங்கே வாங்குவது? சாப்பாட்டுக்கு எங்கே போவது? அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போக எந்த இடம் தோது? போய் வந்தவர்களும் ஊர்க்காரர்களும் சொல்லுங்கள்.

நீலகிரி நேசன் – ஏப்ரல் 8, இரவு 10.15

கேட்காததற்குப் பதில் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் குன்னூர், ஊட்டிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், 46 கிலோமீட்டர், 16 குகைகள். பல்சக்கரம் பிடித்து ஏறும் எஞ்சினைப் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். யுனெஸ்கோ 2005-இல் பாரம்பரியச் சின்னம் என்று அங்கீகரித்த ரயில் அது. கொடைக்கானலில் என்ன இருக்கிறது? ஒரு ஏரி, அதைச் சுற்றிக் குதிரைச் சாணம்.

வில்பட்டிக்காரன் – ஏப்ரல் 8, இரவு 10.22

சாணம் இருப்பதால்தான் எங்கள் ஊரில் காரட் விளைகிறது ஐயா.

திருச்சி வடிவு – ஏப்ரல் 8, இரவு 10.30

நேசன் சார், மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைத்தால் நாளைக்கே வருகிறேன். மூன்று வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில்தான் பயணம் செய்துகொண்டிருக்கிறேன். அறை முன்பதிவு ஆகிவிட்டது, கொடைக்கானல்தான்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் – ஏப்ரல் 9, காலை 5.50

முதலில் இ-பாஸ் எடுங்கள் அம்மா. மற்றதெல்லாம் பிறகு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துவிட்டார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. கட்டணம் கிடையாது. இணையத்தில் பதிந்தால் க்யூஆர் குறியீடு வரும், அதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாவடியில் பார்ப்பார்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, சிக்னல் இல்லாமல், போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் ஓட்டியவன் என்பதால் சொல்லவில்லை.

தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

அடுத்து, மலைப்பாதை. வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் ஏறத் தொடங்குவீர்கள். பிள்ளைகளுக்கு வத்தலக்குண்டில் வயிறு முட்டப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, டம்டம் பாறையில் அதைத் திரும்பப் பார்க்காதீர்கள். இரண்டு இட்லி போதும். டம்டம் பாறையில் எப்படியும் நிறுத்துங்கள். அங்கிருந்து தலையாறு அருவி தெரியும், 297 மீட்டர் உயரம். எலிவால் அருவி என்பார்கள். ஏப்ரலில் வால் மெலிந்துதான் இருக்கும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், இது மலையின் சட்டம். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பெருமாள்மலையிலேயே தீய்ந்த வாடை வரும்.

வில்பட்டிக்காரன் – ஏப்ரல் 9, காலை 7.10

ஓட்டுநர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

வடிவு அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குள் இருக்கும்படி வாருங்கள். ஞாயிறு எங்கள் வாரச்சந்தை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பள்ளங்கி, எங்கள் வில்பட்டி என்று சுற்றுப்பட்டிலிருந்து ஆட்கள் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். வெளியூர்க்காரர்கள் படகுக்கு வரிசையில் நிற்கும் அதே நேரத்தில் ஊர்க்காரர்கள் நாங்கள் சந்தையில் நிற்போம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. சனிக்கிழமை வந்த கூட்டம் ஞாயிறு மதியத்துக்கு மேல் கீழே இறங்கிவிடும். நீங்கள் ஞாயிறு விடியலில் ஏறினால் பாதையும் காலியாக இருக்கும், சந்தையும் கிடைக்கும். திங்கள், செவ்வாய் ஊர் அமைதியாக இருக்கும்.

எங்கள் மலையில் விளைவது பூண்டு. அதற்குத் தனியாகவே பேசலாம். காரட், பீன்ஸ், உருளை. பழத்தில் பேரி, பிளம்ஸ், வெண்ணெய்ப்பழம், பேஷன் புரூட், மரத்தக்காளி. எல்லாம் ஒரே மாதத்தில் இருக்காது. சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்தப் பருவத்துப் பழம். கீழ்மலையில், அதாவது தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம், காப்பி, மிளகு, மலைவாழை, சௌசௌ. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் காப்பித்தூளைக் கண்டுகொள்ளாமல் டீத்தூள் கேட்கிறார்கள். அந்த டீத்தூள் மூணாற்றிலிருந்தோ நீலகிரியிலிருந்தோ வருகிறது. ஏலக்காய் போடி வழியாக இடுக்கியிலிருந்து. தைலமும் பெரும்பாலும் நீலகிரி. திபெத்தியக் கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர் லூதியானாவில் பின்னியது. அவர்களே கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், நல்ல மனிதர்கள்.

எட்டயபுரத்தான் – ஏப்ரல் 9, காலை 11.35

எல்லாம் சரி தம்பி, பூண்டு விஷயத்தில் மட்டும் ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கிறது. நான் ஏரிக்கரையில் ‘அசல் மலைப்பூண்டு’ என்று இரண்டு கிலோ வாங்கிப் போனேன். பெரிய பெரிய பல், வெள்ளை வெளேர் என்று. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது இமாச்சலத்திலிருந்து வருகிறது அண்ணாச்சி, நானே வைத்திருக்கிறேன்’ என்று மூட்டையைத் திறந்து காட்டினார். என்னுடையதைவிடக் கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவு!

உண்மையான கொடைப் பூண்டு மலையில் தங்குவதே இல்லை. அறுவடையானதும் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிடுகிறது. பெரியகுளத்தை ஒட்டிய ஊர். பூண்டு வேண்டும் என்றால் வடுகபட்டிக்குப் போங்கள். விளைகிற ஊரில் விலைக்குக் கிடைக்காது என்பதற்கு இது ஒரு சாட்சி.

வில்பட்டிக்காரன் – ஏப்ரல் 9, மதியம் 1.05

அண்ணாச்சி ஏமாந்தது உண்மை. ஆனால் பூண்டில் ஏமாறவில்லை, இடத்தில் ஏமாந்திருக்கிறார். ஏரிக்கரைக் கடையில் நான் குடை கூட வாங்க மாட்டேன்.

எங்கள் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்கிறேன். அது அழகாக இருக்காது. தோல் பழுப்பேறி, சிலவற்றில் கரி படிந்தாற்போல் இருக்கும். காரணம், காயவைத்த பூண்டைத் தாளோடு, அதாவது காய்ந்த தண்டோடு, கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம். புகை ஏறிய பூண்டு மாதக்கணக்கில் முளைக்காது, சொத்தை விழாது. மூக்கருகே கொண்டுபோனால் பூண்டு வாசனைக்கு முன்னால் விறகடுப்பு வாசனை வரும். பல் ஒரே அளவில் இருக்காது, தோல் உரிக்கச் சண்டை போடும், ஒரு பல்லை நசுக்கினால் கண் கரிக்கும். வெள்ளையாக, ஒரே அளவாக, தாளை ஒட்ட வெட்டி, வலைப்பையில் போட்டிருந்தால் அது எங்கிருந்தோ லாரி ஏறி வந்தது.

வடுகபட்டிக்குப் போவதும் உண்மைதான். மொத்த வியாபாரம் அங்கேதான். ஆனால் வடுகபட்டிக்கு மற்ற ஊர்ப் பூண்டும் வருகிறது என்பதை அண்ணாச்சி சொல்லவில்லை. அடையாளம் தெரியாதவர் அங்கேயும் ஏமாறலாம்.

எட்டயபுரத்தான் – ஏப்ரல் 9, மதியம் 1.40

விறகடுப்பு வாசனை என்று சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் பூண்டில் அது இல்லை. குடை விஷயம் கொஞ்சம் அதிகம்.

மதுரை அடுமனைக்காரி – ஏப்ரல் 9, இரவு 8.20

வடிவு அக்காவின் ‘மெழுகுவர்த்தி’ சரியான வருணனை. வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்பின் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் தானே கரைகிறது. மலிவுச் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். அது உருக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், ஆகவே வாயில் மெழுகாகப் படிகிறது. மலைவாசஸ்தலங்களில் ‘ஹோம்மேட்’ என்று தட்டில் குவித்து விற்பதில் பெரும்பகுதி, கம்பெனியில் வாங்கிய இந்தக் கட்டியை உருக்கி, முந்திரியைப் போட்டு, அச்சில் ஊற்றியது. வீட்டில் செய்தது என்பது பொய்யில்லை, உருக்கியது வீட்டில்தான்.

கடையில் மாதிரி கேளுங்கள், கொடுப்பார்கள். உடனே வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நிமிடக் கணக்கில் ஊர்க்கதை பேசுங்கள். கை பிசுபிசுத்தால் வாங்கலாம். மலையில் கை சில்லிட்டிருந்தால் அக்குளில் சூடேற்றிக்கொண்டு சோதியுங்கள்.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அசல் கொக்கோ வெண்ணெய் போட்ட சாக்லேட்டை வாங்கி நீங்கள் காரில் வைத்தால் வத்தலக்குண்டு வருவதற்குள் பாயசமாகிவிடும். ஏப்ரல் வெயிலில் சமவெளி வரை உருவம் கலையாமல் வருவது தாவரக் கொழுப்புதான். ஊருக்குக் கொண்டுபோய்ப் பங்குபோடத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். கொண்டுபோகத் தாங்குவதைத்தான் கடைக்காரர் விற்பார். நல்ல சாக்லேட் செய்கிறவர்களும் கொடைக்கானலில் இருக்கிறார்கள். ஒரு சின்னத் துண்டு வாங்கி அங்கேயே குளிரில் நின்று தின்றுவிட்டு வாருங்கள். கொடை சீஸ் வாங்குவதானால் ஐஸ் பெட்டி வேண்டும்.

மிதிவண்டி முருகேசன் – ஏப்ரல் 10, காலை 6.30

பூண்டும் சாக்லேட்டும் முடிந்ததா? கொஞ்சம் வெளியே வருவோம்.

ஏரியை 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை ஓடையை மறித்துக் கட்டினார். சுற்றுப்பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். வாடகைக்கு மிதிவண்டி கிடைக்கும். மகளுக்குத் தனி வண்டி, மகனுக்கு உங்கள் கணவரோடு. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். தண்ணீருக்கு மேல் பனி நகர்ந்துகொண்டிருக்கும், குதிரைகள் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். பத்து மணிக்கு மேல் அதே பாதையில் கார், குதிரை, சோளக்கதிர் வண்டி, புகைப்படம் எடுப்பவர் என்று எல்லோருமாகச் சேர்ந்து உங்களை ஏரிக்குள் தள்ளப் பார்ப்பார்கள். வாங்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். எனக்கு ஒருமுறை கொடுத்த வண்டியில் பிரேக் பிடித்தால் மணி அடித்தது.

அம்மாவுக்குக் கோக்கர்ஸ் வாக். 1872-இல் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் அளவு, மலை விளிம்பை ஒட்டியே போகும். இரண்டு முனையிலும் வாசல் உண்டு. ஒரு வாசலில் இறக்கிவிட்டு மறு வாசலில் காரை நிறுத்தினால் திரும்ப நடக்க வேண்டாம். வெயில் முதுகுப்பக்கமும் பள்ளத்தில் மேகமும் இருந்தால், மேகத்தின் மேல் நம் நிழல் விழுந்து தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். எனக்கு நான்கு பயணத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் அரை நிமிடம் தெரிந்தது.

டால்பின் நோஸுக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். வட்டக்கானலிலிருந்து இறங்கும் பாதை முழுக்க வேரும் கல்லும். இறங்கும்போது ‘இதென்ன பெரிய காரியம்’ என்றிருக்கும். ஏறும்போதுதான் தெரியும்.

மகளுக்குச் சூரிய ஆய்வகம். 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார், இன்றும் அதற்கு அவர் பெயர்தான். பார்வையாளர் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். யானை வந்துவிட்டால் மூடிவிடுவார்கள், அதனால் அதை நம்பி ஒரு நாளை ஒதுக்க வேண்டாம்.

சுன்னாகத்துப் பேரன் – ஏப்ரல் 10, மாலை 4.15

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் இருக்கிறேன். அம்மா கோயில் விரும்பினால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை விட்டுவிடாதீர்கள். 1936-இல் அதைக் கட்டுவித்தவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். ஐரோப்பிய வழியில் பிறந்து, சைவத்துக்கு வந்து, எங்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். என் அம்மம்மா இராமநாதன் கல்லூரியில் படித்தவர். அந்த அம்மையாரைப் பற்றி நிறையச் சொல்லுவார். கொடைக்கானலில் அவர் கட்டிய கோயில் இருக்கிறது என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியவந்தது. வாசலில் நின்று அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோயிலின் பின்புறம் நின்றால் வானம் தெளிந்த நாளில் பழனி தெரியும். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். பூவைத் தேடி ஏமாற வேண்டாம்.

திருச்சி வடிவு – ஏப்ரல் 10, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. ஏப்ரல் 27 ஞாயிறு விடிகாலையில் கிளம்புகிறோம், இ-பாஸ் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். அம்மாவுக்கு மதியம் சோறு வேண்டும், சைவம். பிள்ளைகளுக்கு மோமோ வேண்டுமாம்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் – ஏப்ரல் 11, காலை 5.45

பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். ஓட்டுநர், நடத்துநர் எந்த மெஸ்ஸுக்குள் நுழைகிறார்களோ அங்கே நுழையுங்கள். பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம். இன்னொன்று, ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வைக்காத இடத்தில் பருப்பு வேகாது. டீயும் வாய்க்கு வருவதற்குள் ஆறிவிடும். கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

வில்பட்டிக்காரன் – ஏப்ரல் 11, காலை 8.00

மோமோவுக்கு ஏழு ரோடு சந்திப்பு, பி.டி. ரோட்டுப் பக்கம். திபெத்தியக் குடும்பங்கள் நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் துக்பா கேளுங்கள். நூடுல்ஸும் காய்கறியும் போட்ட சுடு கஞ்சி மாதிரி இருக்கும். குளிருக்கு அதை அடிக்க ஒன்று கிடையாது. மோமோவைச் சொன்னபிறகுதான் பிடித்து வேகவைப்பார்கள், அரை மணி ஆகும். பசி எடுப்பதற்கு முன்பே போங்கள்.

திருச்சி வடிவு – மே 2, இரவு 10.10

போய்விட்டு வந்துவிட்டோம். கடன்பட்டவள் போல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிறு காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். வத்தலக்குண்டில் இரண்டிரண்டு இட்லி, ஓட்டுநர் ஐயாவின் சொல் காப்பாற்றப்பட்டது. மகன் மட்டும் ஊத்து என்ற ஊருக்கு அருகில் ஐயாவின் பேச்சை மீறினான். டம்டம் பாறையில் அருவி நூல் மாதிரிதான் இருந்தது. சாவடியில் எங்களுக்கு முன்னால் நின்ற காரில் பாஸ் இல்லை. அந்த வீட்டம்மா கணவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு சாவடியே போடலாம்.

ஒன்பதரைக்குச் சந்தையில் இருந்தோம். அம்மாவை ஓரமாக உட்காரவைக்கலாம் என்று பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனால் சாக்கு விரித்த ஒரு பாட்டியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. பாட்டியின் முன்னால் நான்கு கூறு காரட், மண் ஒட்டியபடி. ஒரு கூடையில் வெண்ணெய்ப்பழம். பக்கத்தில் தாளோடு கட்டிய பூண்டு இரண்டு கட்டு. வில்பட்டித் தம்பி சொன்னது போல அழகே இல்லை. தோலில் புகைக்கரி. அம்மா ஒரு பூண்டைப் பிடுங்கி முகர்ந்து, என்னிடம் நீட்டினார். முதலில் விறகடுப்பு, பிறகுதான் பூண்டு. அம்மாவின் அம்மா வீட்டுச் சமையலறை அப்படித்தான் மணக்குமாம். பேரம் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு, அவரே இருபது நிமிடம் பேரம் பேசினார். இரண்டு கட்டும் எங்கள் காரில் ஏறின.

எந்த ஊர் என்று கேட்டதற்குப் பூம்பாறை என்றார் பாட்டி. மறுநாள் பூம்பாறைக்கே போனோம். படிப்படியாகச் சரிவில் இறங்கும் வயல்கள், நடுவில் தகரமும் ஓடுமாக வீடுகள். குழந்தை வேலப்பர் கோயிலில் அம்மாவுக்கு நிம்மதியான தரிசனம். கீழே அம்மா கடைகளையெல்லாம் விட்டுவிட்டு வயல் வரப்பில் நின்று பூண்டுச் செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாக்லேட் சோதனை. மகள் இதை அறிவியல் செய்முறையாகவே எடுத்துக்கொண்டாள். மூன்று கடைகளில் மாதிரி வாங்கி, கையில் மூடி, வாட்ச்சைப் பார்த்தபடி நின்றாள். முதல் இரண்டு கடைகளில் நான்கு நிமிடத்துக்குப் பிறகும் துண்டு அச்சு மாறாமல் இருந்தது. இரண்டாவது கடைக்காரர் ‘பாப்பா சாப்பிடவில்லையா?’ என்று கேட்டார். இவள் ‘இன்னும் முடிவு வரவில்லை’ என்றாள். மூன்றாவது கடையில் கை முழுக்கப் பழுப்பு. விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. நூறு கிராம் வாங்கி, கடை வாசலிலேயே ஐந்து பேரும் தின்று முடித்தோம். ஊரில் யாருக்கும் எதுவும் வரவில்லை. நாத்தனார் இன்னும் பேசவில்லை.

ஏரியில் காலை ஏழு மணி மிதிவண்டி உண்மையிலேயே சொர்க்கம். படகுக்குப் பதினோரு மணிக்குப் போனோம், அது தப்பு. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். கோக்கர்ஸ் வாக்கில் வானவில் வளையம் தெரியவில்லை. வெறும் மேகம்தான் ஏறி வந்தது. ஆனால் அந்த மேகம் அம்மாவின் சேலை முந்தானைக்குள் புகுந்து போனதை நான் பார்த்தேன்.

வருத்தப்பட்ட விஷயம் அறை. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. புகைப்படத்தில் பள்ளத்தாக்கு தெரிந்தது. நேரில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த விடுதியின் தண்ணீர்த் தொட்டி. சுவரில் பூஞ்சை வாடை. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். இரவில் தீ மூட்ட விறகுக்குத் தனிக் காசு. கேட்டால் ‘சீசன் மேடம்’ என்ற ஒரே பதில். அடுத்த முறை ஊருக்கு வெளியே வீடு பார்ப்போம்.

இரண்டாம் நாள் இரவு துக்பா சாப்பிட்டுத் திரும்பும்போது விடுதி வாசலில் கணவர் காரை நிறுத்திவிட்டு விளக்கை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல் நிறம், தோள் எங்கள் கார்க்கூரை உயரம். மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. வேலியோரச் செடியை மெதுவாக மென்றுகொண்டிருந்தது. மகன் போனைத் தூக்கினான், அம்மா அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பத்து நிமிடம் ஐந்து பேரும் பேசவில்லை. அது நகர்ந்து போனபிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

வில்பட்டிக்காரன் – மே 3, காலை 6.40

விளக்கை அணைக்காமல் உட்கார்ந்ததும் போனை இறக்கியதும் சரியான காரியம் அக்கா. அதற்கு அவசரம் கிடையாது, நமக்கும் இருக்கக் கூடாது. கிட்டப் போய்ப் படம் எடுத்து முட்டு வாங்கியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

எட்டயபுரத்தான் – மே 3, காலை 9.25

பாட்டி பூண்டை என்ன விலைக்குக் கொடுத்தார்?

திருச்சி வடிவு – மே 3, காலை 9.50

அம்மா சொல்ல மாட்டேன் என்கிறார். அண்ணாச்சி மனம் நோகும் என்கிறார்.

எட்டயபுரத்தான் – மே 3, காலை 9.52

இப்போதே நொந்துவிட்டது.

திருச்சி வடிவு – மே 3, காலை 10.05

வில்பட்டித் தம்பிக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் விறகடுப்பும் இல்லை, பரணும் இல்லை. காஸ் அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கிறது. அம்மா ஒரு கட்டைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார், இன்னொன்றைப் பூஜையறை ஆணியில் மாட்டப் போகிறேன் என்கிறார், சாம்பிராணிப் புகை படுமாம். கெட்டுப்போகாதா?

வில்பட்டிக்காரன் – மே 3, காலை 10.30

ஏற்கெனவே புகை ஏறியதுதான், ஜன்னல் கம்பியே போதும். காற்று பட வேண்டும், ஈரம் படக் கூடாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், முளைத்துவிடும். சாம்பிராணிப் பூண்டில் ரசம் வைத்தால் எப்படியிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், நாங்கள் இதுவரை அதைச் செய்து பார்த்ததில்லை.